முதல் வரியில் நின்ற சங்கு

எங்கள் ஆய்வகத்துக்கு இப்போது ஒரு புதிய மென்பொருள் வந்திருக்கிறது. ஏதோ ஓர் உயிரின் மரபணு வரிசையைக் கொடுத்தால், அதுவே உலகப் பொதுத் தரவுதளத்தில் போய்த் தேடி, எதோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அந்தப் பெயரை எடுத்து, அறிக்கையையும் அடித்துக் கொடுத்துவிடுகிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கொஞ்ச நாளில் அதையும் போடக் கற்றுக்கொள்ளும். ஓய்வு பெற்றபின் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போன என்னிடம் பிள்ளைகள் பெருமையாக அதை ஓட்டிக் காட்டினார்கள். “முதல் வரியில வார பேரு சரிதானான்னு யாரு பாக்குறது?” என்று கேட்டேன்.

“டேட்டாபேஸ்லயே இருக்கே மேடம். பிறகு என்ன?” என்றாள் ஒருத்தி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அந்த டேட்டாபேஸ்ல கொண்டு வச்சதே நான்தானளா!” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அப்படியென்றால் விவரமாக எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். பேனாவும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் செல்வக்கனி. அப்பாவுக்குத் தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை. எங்கள் சொந்தத்தில் எல்லாரும் கல்லாவில் உட்காரப் பிறந்தவர்கள். விலங்கியல் படித்தது நான் ஒருத்திதான். கடல் ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கண்ணாடிக் குழாய் கழுவினேன், மீன் அளந்தேன், முத்துச்சிப்பியைப் பிளந்து எடை போட்டேன். பிறகு மரபணு வேலை வந்தது. சென்னைக்கு ஆறு மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது பயமாக இருந்தது. திரும்பி வரும்போது இந்த வேலை எனக்கென்றே வந்தது என்று தோன்றிவிட்டது.

தெரியாதவர்களுக்காக இந்தத் தரவுதளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எந்த உயிரின் மரபணுவும் நான்கே எழுத்துகளால் ஆன மிக நீண்ட வரிசை. பனைமரமானாலும், பழைய ரொட்டியில் பூக்கும் பூஞ்சையானாலும், உப்பளத்துத் தண்ணீரைச் சிவப்பாக்கும் நுண்ணுயிரானாலும், சங்கு, இறால், சிப்பி போன்ற எலும்பில்லாத பிராணிகளானாலும் எழுத்து நான்குதான். அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. ஆய்வகங்கள் தாங்கள் படித்தறிந்த வரிசைகளை இணையத்தில் ஒரு பொதுத் தளத்தில் கொண்டுபோய் வைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவெண் உண்டு. என்ன உயிர், எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்ற விவரமும் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பெயர் தெரியாத ஏதாவது கையில் கிடைத்தால், அதன் வரிசையைக் கொடுத்துத் தேடினால் போதும். ஒத்துப்போகிறவற்றை நெருக்கத்தின்படி அடுக்கிக் காட்டும். மிக நெருங்கியது முதல் வரியில் நிற்கும்.

எங்கள் முத்துச்சிப்பிக்கு முதல் பதிவெண் வந்த அன்று அதை ஒரு தாளில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோனேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாமா? பூட்டு கிடையாதா?”

“கிடையாதுப்பா. ஊர்க் கிணறு மாதிரி.”

“அப்ப கிணத்துக்குள்ள எவனாவது செருப்பத் தூக்கிப் போட்டுட்டாம்னா?”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல வருடம் கழித்து, செருப்பைப் போட்டது நானே என்று தெரிந்த அன்று அப்பாவின் கேள்விதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் கிணற்றால் விளைந்த நல்லதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை கீழவைப்பார் பக்கம் ஒரு பண்ணையில் இறால் குஞ்சுகள் தொட்டி தொட்டியாகச் செத்தன. பண்ணைக்காரர் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்து, “இன்னைக்கே சொல்லணும்” என்று நின்றார். அதிலிருந்து வளர்த்தெடுத்த நுண்ணுயிரின் வரிசையைப் படித்து வாங்க மூன்று நாள் ஆயிற்று. பொதுத் தளத்தில் தேடியதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேறொரு நாட்டில் யாரோ ஒருவர் அதே நுண்ணுயிரைப் பதிந்து, எந்தத் தண்ணீரில் இருந்து வந்தது என்றும் எழுதி வைத்திருந்தார். பண்ணைக்காரர் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றினார். அடுத்த குஞ்சுகள் பிழைத்தன. பதிந்தவரின் முகம் எனக்குத் தெரியாது, அவர் பேசும் பாஷையும் தெரியாது. அன்றிலிருந்து இந்த வேலையில் எனக்கு ஒரு திமிரே வந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

அந்தத் திமிரை அடக்கி வைத்தவர் எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் அமலதாஸ். கடற்கரைக்காரர். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. தப்பாக எழுதிய தாளைக் கொண்டுபோனால் திட்டமாட்டார். தாளை நம் பக்கம் திருப்பி, தன் பென்சிலை அதன்மேல் வைத்து, “வாசிங்கம்மா” என்பார். நாம் எழுதியதை நாமே சத்தமாக வாசிக்க வேண்டும். பாதி வாசிக்கும்போதே தப்பு நம் காதில் விழுந்துவிடும். அதற்கு அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருக்கும்.

சதைத் துண்டு போட்ட குழாய் உறைபெட்டிக்குள் போகுமுன் அவர் வைத்திருந்த சட்டம் இது. லேபிள் எழுதியவர் சத்தமாக வாசிக்க வேண்டும்: எண், பெயர், கிடைத்த இடம், நாள், எடுத்தவர். இன்னொருவர் குழாயைக் கையில் பிடித்து, கேட்டது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரெஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து. எங்களுக்கு இது மனப்பாடம். பக்கத்துப் பிரிவில் இதை ‘ஜெபம்’ என்று கேலி செய்வார்கள். சார் காதிலும் விழும். “நல்ல ஜெபந்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கண்டுபிடித்ததைப் பூட்டி வைக்காமல் உடனே பொதுத் தளத்தில் வைக்க வேண்டும் என்பதும் அவருடைய பிடிவாதம். இந்தக் கடலின் சங்குகளில் பலவற்றை முதன்முதலில் பதிந்தது எங்கள் பிரிவுதான். அவற்றில் ஒன்று, பிடிக்கவோ விற்கவோ கூடாது என்று சட்டம் காக்கிற பெரிய சங்கு. ஆய்வகத்தில் அதைச் சுருக்கமாகத் தடைச்சங்கு என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வலையில் தானாக மாட்டிச் செத்த ஒன்றை அனுமதிக் கடிதம் வாங்கி எடுத்துப் பதிந்தோம். அப்போது அதன் வரிசை உலகத்தில் வேறு யாரிடமும் கிடையாது. சார் கூட்டங்களில் பேசும்போது அந்தப் பதிவெண்ணைப் பார்க்காமலே சொல்வார்.

இனி நகத்துக்கு வருகிறேன். சங்கு தன் வாயை மூடிக்கொள்ளக் காலில் ஒரு தகடு வைத்திருக்கும். கொம்பு மாதிரி கெட்டியாக, பழுப்பாக இருக்கும். இங்கே அதை நகம் என்பார்கள். காயவைத்துப் பொடித்து நெருப்பில் போட்டால் ஒரு வாசம் வரும். வளைகுடா நாடுகளில் வீட்டுக்கு வீடு புகைக்கிற பகூர் என்ற வாசனைப் புகையில் இதுவும் ஒரு சரக்கு. காயல்பட்டினத்தில் இதை வாங்கி அனுப்புகிற குடும்பங்கள் உண்டு. அதில் ஒருவர் முகைதீன் அண்ணாச்சி. சாதாரணமாக வலையில் வருகிற முள்ளுச்சங்கின் நகத்தைத்தான் அவர் அனுப்புவார். அதற்குத் தடை ஒன்றும் கிடையாது.

ஒருநாள் யாரோ கொடுத்த புகாரில் துறைமுகத்தில் அவருடைய மூட்டைகளை நிறுத்திவிட்டார்கள். தடைச்சங்கின் நகம் என்று வழக்கு. அவரை ரிமாண்டில் வைத்தாயிற்று. ஓடு இருந்தால் தூரத்தில் நின்றே இது என்ன சங்கு என்று சொல்லிவிடலாம். வெறும் நகம், அதுவும் உடைத்துக் காயவைத்தது. கண்ணால் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மரபணுவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீதிமன்றம் எங்களுக்கு அனுப்பியது. திங்கட்கிழமை விசாரணை. வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். தடைச்சங்கு என்று நாங்கள் எழுதினால் அவர் பல வருடம் உள்ளே இருக்க வேண்டியதுதான்.

நகம் வந்து சேர்ந்த மறுநாள் கேட் அருகில் ஒரு அம்மா என்னை மறித்தார். கறுப்புத் துப்பட்டி, கையில் ஒரு பை. முகைதீன் அண்ணாச்சியின் மனைவி என்று அவரே சொன்னார்.

“மேடம், ஒரே ஒரு வார்த்த. அவங்க முள்ளு நகம் தவிர வேற தொட மாட்டாங்க. பிள்ளைகள்ட்ட வாப்பா துபாய்க்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அதுங்க தெனமும் போன் போடு போன் போடுங்குதுங்க.”

“இதப் பத்தி நான் ஒங்ககிட்ட பேசக் கூடாதும்மா. வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சட்டப்படி அதுதான் சரி. ஆனாலும் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை.

நகத்தில் இருந்து மரபணு எடுப்பது லேசான காரியம் இல்லை. மூட்டையின் அடியில், நடுவில், மேலே என்று பல இடங்களில் இருந்து எடுத்தேன்; ஒற்றை நகம் மூட்டைக்குச் சாட்சி சொல்ல முடியாது. ஒவ்வொன்றின் மேல்தோலையும் பிளீச்சில் துடைத்து, சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளிருந்து பொடி எடுத்தேன். கூடவே ஒன்றுமே போடாத ஒரு வெறும் குழாயையும் எல்லாப் படியிலும் சேர்த்து ஓட்ட வேண்டும். அந்த வெறும் குழாயில் ஏதாவது தென்பட்டால் என் கையோ மேசையோ அசுத்தம் என்று அர்த்தம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். வெறும் குழாய் வெறுமையாகவே இருந்தது. வரிசைகள் புதன்கிழமை காலையில் வந்தன. எல்லா நகமும் ஒரே இனம். பொதுத் தளத்தில் தேடினேன்.

முதல் வரியில் தடைச்சங்கு. கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. அது எங்கள் பதிவுதான்.

வழக்குப் போட்ட அதிகாரி மத்தியானத்துக்குள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். “முதல்ல என்ன பேரு வந்திருக்கோ அத அப்படியே எழுதிக் குடுத்துருங்க மேடம். அது போதும்” என்றார். எழுதத்தான் உட்கார்ந்தேன். தாளைப் பிரிண்ட் எடுத்து, சாரிடம் போனால் எப்படியும் வாசிக்கச் சொல்வார் என்று, நானே சத்தமாக வாசித்துப் பார்த்தேன். முதல் வரி: தடைச்சங்கு. இரண்டாம் வரி: முள்ளுச்சங்கு, வேறொரு நாட்டின் பதிவு. மூன்றாம் வரி: முள்ளுச்சங்கு. நான்காவது, ஐந்தாவது, அந்தப் பக்கம் முடிகிற வரையில் முள்ளுச்சங்கும் அதன் உறவுக்காரச் சங்குகளும்தான்.

வாசித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் உட்கார்ந்திருக்கிற பந்தியில் முதல் இலையில் முன்பின் தெரியாத ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி? நாங்கள் தடைச்சங்கைப் பதிந்தபோது பக்கத்தில் வைத்துப் பார்க்க உலகத்தில் வேறு பதிவே இல்லை. அதன்பிறகு மற்றவர்கள் முள்ளுச்சங்கைப் பதிந்திருக்கிறார்கள். அவை எல்லாம் எங்கள் தடைச்சங்கைச் சுற்றி வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, அத்தனை நாட்டுக்காரர்களும் சேர்ந்து தப்புச் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் நான் தப்புச் செய்திருக்க வேண்டும்.

பழைய ரெஜிஸ்டரை எடுத்தேன். அந்தப் பதிவுக்கு நேரே என் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘ஓடும் கறியும் தனித்தனிப் பையில் பெறப்பட்டன.’ அடியில் எடுத்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கையெழுத்து. அப்படியென்றால் அந்தக் கறி அந்த ஓட்டுக்குள் இருந்ததுதானா என்று நான் பார்க்கவே இல்லை.

அப்போதே ஆட்டோ பிடித்துத் திரேஸ்புரத்துக்குப் போனேன். அந்தச் சங்கை எங்களுக்காக எடுத்து வைத்துக் கொடுத்தது அங்கே சங்கில் இருந்து கறி எடுக்கிற கொட்டடி வைத்திருக்கிற ரோசம்மா அக்கா. ஓயாமல் கேள்வி கேட்பேன் என்பதால் அங்கே எனக்குப் பெயர் ‘சங்கு டீச்சர்’.

“வாங்க டீச்சர், என்ன இந்த வெயில்ல?” என்று முக்காலியைத் தள்ளிப் போட்டார்.

“ரொம்ப வருசத்துக்கு முந்தி, லெட்டர் வாங்கி ஒரு பெரிய சங்கு எடுத்துத் தந்தீங்களே, ஞாபகம் இருக்கா அக்கா? அந்தக் கறி அந்தச் சங்குக்குள்ள இருந்ததுதானா?”

அக்கா யோசித்தார். பிறகு சிரித்தார். “அது செத்து ஒரு நாளு கழிச்சுல்லா வந்துச்சு. கறி அழுகி நாத்தம் கொடலப் பெறட்டுச்சு. படிச்ச பிள்ள, பஸ்ல அதத் தூக்கிட்டுப் போவுமேன்னு, அன்னைக்கு வந்த முள்ளுச்சங்குல நல்ல பெருசாப் பாத்து ஒரு கறிய எடுத்து வச்சேன். கறிதான கேட்டீங்க?”

“அதுல நகம் இல்லையே அக்கா?”

“நகத்த எவளாவது கறியோட விடுவாளா? மொதல்ல அதத்தான் அறுத்துப் போடுவோம். அதுக்குத் தனி யாவாரில்லா?”

எனக்குக் கோபம் வரவில்லை. கொட்டடியில் கறி வேறு குவியல், ஓடு வேறு குவியல், நகம் வேறு குவியல். அங்கே அதுதான் முறை. அக்கா மரியாதைக்குச் செய்தார். நகத்தோடு கறி வந்திருந்தால், அந்தப் பெரிய ஓட்டின் வாய்க்கு அது பொருந்தாததைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். லேபிளை எழுத்து எழுத்தாக வாசித்த நான், ஓட்டுக்குள் இருந்து கறியை என் கண்முன்னே எடுக்கச் சொல்லவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

மாலையில் சாரின் அறைக்குப் போனேன். அவர் ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்தது. ரெஜிஸ்டரையும் தேடல் தாளையும் மேசைமேல் வைத்தேன். அவர் பென்சிலை எடுத்தார். “வாசிங்கம்மா.”

வாசித்தேன். முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன், ரெஜிஸ்டரையும் வாசித்தேன், ரோசம்மா அக்கா சொன்னதையும் சொன்னேன். அவர் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

“எடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“நீங்க வாசிக்கும்போது குழாயப் பிடிச்சுட்டு நின்னது?”

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. “நீங்க சார்.”

“அப்ப ரெண்டு பேருந்தான்” என்றார். முகம் வாடித்தான் போயிருந்தது. அவர் பெருமையாகச் சொல்லி வந்த பதிவு அது. ஊரெல்லாம் அழைத்து வழியனுப்பு விழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதிகாரி சொன்னபடி முதல் வரியை எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். “பேசாம அந்தப் பதிவை எடுத்துரலாமா சார்?” என்று கேட்டேன். அன்றைக்கு நான் கேட்ட ஒரே கோழைத்தனமான கேள்வி அதுதான்.

“எடுக்கக் கூடாது. பேர மாத்துங்க, ஏன் மாத்துனோம்னு எழுதுங்க. தப்பு நடந்த எடம் தெரியணும்” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆனா அத்தன வருசப் பதிவ வெறும் சந்தேகத்துல மாத்த முடியாது. ஓடு நம்மகிட்ட இருக்கில்லா?”

இருந்தது. பதிந்த ஒவ்வொன்றின் ஓட்டையும் எண் போட்டு அலமாரியில் வைப்பது எங்கள் வழக்கம். தடைச்சங்கை எடுத்துக் கவிழ்த்து, விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். சங்கின் சுருள் கடைசியில் ஒடுங்கிப்போகிற இடத்தில், அக்காவின் கத்திக்கு எட்டாமல் போன கறி விரல்நகம் அளவுக்குக் காய்ந்து ஒட்டியிருந்தது. கம்பியை வளைத்துக் கொக்கி மாதிரி செய்து, அதைச் சுரண்டி எடுத்தேன். கூடவே ரோசம்மா அக்காவிடம் இருந்து ஒரு முள்ளுச்சங்கை உயிரோடு வாங்கி வந்து, ஓட்டில் இருந்து சாரின் கண்முன்னே கறியை எடுத்தேன். நகத்தோடு.

வெள்ளிக்கிழமை தவணை தப்பியது. நீதிமன்றத்துக்கு சார் கடிதம் எழுதி ஒரு வாரம் கேட்டார். இன்னும் ஒரு வாரம் அந்தப் பிள்ளைகள் துபாய்க்குப் போன் போடச் சொல்லி அழும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வாரம் மாதிரி நான் வேலை செய்ததே இல்லை. வெறும் குழாய் இந்தத் தடவையும் வெறுமையாகவே இருந்தது. காய்ந்த கறி கொடுத்த வரிசை எங்கள் பழைய பதிவோடு ஒட்டவே இல்லை. அது வேறு இனம், அசல் தடைச்சங்கு. மூட்டையில் இருந்த நகமெல்லாம் முள்ளுச்சங்கோடு அப்படியே பொருந்தின.

ஒரு பதிவைத் திருத்த அதைக் கொடுத்தவருக்குத்தான் உரிமை. எழுதினேன்: இந்தப் பதிவு தடைச்சங்கு அல்ல, முள்ளுச்சங்கு, ஓடும் சதையும் தனித்தனியே பெறப்பட்டதால் நேர்ந்த தவறு, எடுத்தவர் செல்வக்கனி, சரிபார்த்தவர் அமலதாஸ். அசல் தடைச்சங்கின் வரிசையைப் புதிதாகப் பதிந்தேன். முன்பு என்ன பெயர் இருந்தது, எந்த நாளில் மாறியது என்பதெல்லாம் இன்றைக்கும் அங்கே தேடினால் தெரியும். உலகம் பார்க்கட்டும்.

நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட தரப்பின் வக்கீல் என்னை மடக்கப் பார்த்தார். “உங்க பதிவே தப்புன்னு நீங்களே சொல்றீங்க. இன்னைக்குச் சொல்றது மட்டும் சரின்னு எப்படி நம்புறது?”

“என்னை நம்ப வேண்டாம் சார்” என்றேன். “ஓடு இருக்கு, காய்ஞ்ச கறியில மிச்சம் இருக்கு, நகம் இருக்கு. எந்த ஆய்வகத்துல வேணும்னாலும் குடுத்துப் பாருங்க. எல்லா வரிசையும் பொதுவுலதான் கிடக்கு. வீட்ல உக்காந்து நீங்களே தேடிப் பாக்கலாம்.” பின்வரிசையில் உட்கார்ந்திருந்த சார் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். முகைதீன் அண்ணாச்சியை விடுவித்தார்கள்.

பத்து நாள் கழித்து அவர் ஆய்வகத்துக்கு வந்தார். மெலிந்து போயிருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நான் பாட்டுக்கு நாற்காலியைப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“மேடம், ஒங்க சங்கு தப்பான பேர்ல அதுல எத்தன வருசம் கெடந்துச்சு?”

சொன்னேன்.

“அத்தன வருசத்துல என்னையப் போல வேற யாரும் மாட்டுனாங்களா?”

“தெரியாது அண்ணாச்சி” என்றேன். தப்பைத் திருத்தியாயிற்று, வேலை முடிந்தது என்று இருந்தேன். அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே தொடங்கினேன். எங்கள் பதிவெண்ணைக் குறிப்பிட்ட கட்டுரைகள், அறிக்கைகள், ஆய்வகங்கள் என்று தேடித் தேடி ஒவ்வொருவருக்கும் எழுதினேன். சார் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். வழியனுப்பு விழாவில் அந்தத் தப்பைத்தான் முதலில் சொன்னார். மற்றவர்கள் நெளிந்தார்கள்; எனக்கு அவரைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாங்கள் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தினோம், பாதிப்பில்லை, கட்டுரையில் திருத்தம் போடுகிறோம் என்று பல விதம். ஒரே ஓர் ஆய்வகம் மட்டும் மாதக்கணக்கில் பதில் போடவில்லை. வேறொரு மாநிலத்துக் கடற்கரையில் இருப்பது அது. நான் விடவில்லை. மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் தபாலில் ஒரு கனத்த உறை வந்தது. எங்கள் பதிவை வைத்து அவர்கள் அறிக்கை கொடுத்த வழக்கு ஒன்று இருந்தது. என் கடிதத்துக்குப்பின் நகத்தை மறுபடியும் சோதித்தார்கள். முள்ளுச்சங்கு. தண்டனை ரத்து. தீர்ப்பின் நகலும் கூடவே இருந்தது.

அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். சாகுபுரம் தாண்டும்வரை பையை மடியைவிட்டு இறக்கவில்லை. சந்துக்குள் மோட்டார் சைக்கிள்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வீட்டைக் கண்டுபிடித்தேன். முகைதீன் அண்ணாச்சி கீழே பாய் விரித்து நகம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் அதே வகைச் சங்கின் முழு ஓடு ஒன்றை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவர் மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்களே” என்றேன். “ஒருத்தர் இருந்தாரு. வெளிய வந்துட்டாரு.”

அவர் கையில் இருந்த நகத்தை அதன் குவியலில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த மனுசன் பேரு என்ன?”

தீர்ப்பு நகலை விரித்தேன். அமலதாஸ் சார் முன்னால் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்று, பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்று ஓர் எழுத்து விடாமல் சத்தமாக வாசித்தேன்.